புதன்கிழமை வீடு

அந்த வட்டாரத்தில் ‘படியேறி டாக்டர்’ என்று கேட்டால் எந்தக் கடைக்காரரும் கிளினிக்குக்கு வழி சொல்லிவிடுவார். அங்கே டாக்டர்கள் மூன்று பேர். மற்ற இருவரும் நாற்காலியில் உட்கார்ந்து, நோயாளி வரட்டும் என்று இருப்பவர்கள். டாக்டரம்மா மட்டும் காலையில் நாற்காலி, மத்தியானத்துக்கு மேல் படிக்கட்டு. இடுப்பு ஒடிந்தவர்கள், மூச்சிரைப்பில் வாசலைத் தாண்ட முடியாதவர்கள், படுத்த படுக்கையாகிவிட்டவர்கள் என்று வீட்டுக்கு வீடு அவருக்காகக் காத்திருக்கிற ஒரு பட்டாளம் இருந்தது. லிஃப்ட் இல்லாத கட்டிடமாகப் பார்த்துத்தான் மனுஷனுக்குக் காலும் இடுப்பும் போகும் போலிருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே ஏறுவார். இத்தனைக்கும் அவருடைய இடது முழங்காலே பல வருஷமாக மக்கர் பண்ணிக்கொண்டிருந்தது.

எந்த வீட்டு வாசலில் நின்றாலும் பெல்லை இரண்டு தடவை அடிப்பார். இரண்டும் குட்டிக் குட்டியாக இருக்கும். அந்தச் சத்தம் கேட்டதுமே உள்ளே யாராவது, “டாக்டரம்மா வந்தாச்சு” என்று படுக்கைக்குச் செய்தி சொல்வார்கள். எந்த வீட்டுத் தாழ்ப்பாளைக் கொஞ்சம் தூக்கித் தள்ள வேண்டும், எந்த வீட்டில் விளக்கு சுவிட்ச் பீரோவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும், எந்த வீட்டு மருமகள் மாமியாருக்கு முன்னால் வாயைத் திறக்க மாட்டாள் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. சொந்த வீட்டில் மட்டும் மின்சாரம் போனால் மெழுகுவர்த்தியைத் தேடி மேஜைக்காலில் இடித்துக்கொள்வார்.

அந்தச் சொந்த வீடு ஒரு அடுக்குமாடிக் கட்டிடத்தில் இரண்டாவது மாடியில் இருந்தது. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பதில் சொல்லி, கடைசியில் கேட்கவே ஆள் இல்லாமல் போய்விட்டது. வேறு ஊரில் ஒரு தம்பி உண்டு. தம்பியும் தம்பி மனைவியும் பாசக்காரர்கள்தான். உடம்பு சரியில்லை என்றால் உடனே போன் பண்ணுவார்கள். அவர்களுக்கு உடம்பு சரியில்லை என்றால்.

வீட்டில் பேச்சுத் துணை இல்லையே என்று டாக்டரம்மா யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல நேரமும் இல்லை. மத்தியானம் முழுக்க அடுத்தவர் வீட்டில் பேசிவிட்டு, இருட்டிய பிறகு வந்து, நின்றபடியே எதையாவது சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறவருக்குத் தனிமை என்பது தெரியவே வராது. வேலை என்று ஒன்று இருக்கிறதே, அது பெரிய போர்வை. அதை யாராவது இழுக்கிற வரைக்கும் குளிர் தெரியாது.

புதன்கிழமை மட்டும் வேறு மாதிரி. புதன்கிழமை வேறு எல்லா வீடுகளையும் சீக்கிரமாக முடித்துக்கொண்டு, கடைசியாக வார்டன் அக்கா வீட்டுக்குப் போவார்.

வார்டன் அக்கா பெண்கள் ஹாஸ்டல் ஒன்றில் வார்டனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். புருஷன் போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகிறது. பிள்ளை இல்லை. குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பில் ஆபரேஷன் முடிந்து, இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கி மூன்றாவது மாடியில் கொண்டுவந்து வைத்த நாளிலிருந்து டாக்டரம்மா அவரைப் பார்த்து வருகிறார். புதன்கிழமை கதவு வெறுமனே சாத்தியிருக்கும். டாக்டரம்மா பெல்லை இரண்டு தடவை அடித்துவிட்டுத் தள்ளிக்கொண்டு உள்ளே போவார். ஜன்னலோர நாற்காலியில் வார்டன் அக்கா கம்பீரமாக உட்கார்ந்திருப்பார். பிடித்துக்கொண்டு நடக்கிற வாக்கர் முன்னால் நிற்கும்.

“கால் எப்படிக்கா இருக்கு?”

“அது அப்படியேதான் இருக்கு டாக்டரம்மா. உங்க முட்டி எப்படி இருக்கு?”

“நான்தான் டாக்டர். நான்தான் கேக்கணும்.”

“கேட்டாச்சுல்ல? இப்ப நான் கேக்கறேன்.”

பிரஷர் பார்ப்பது, நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்பது, மாத்திரையைச் சரிபார்ப்பது எல்லாம் சட்டென்று முடிந்துவிடும். அப்புறம் ஃபிளாஸ்க்கில் டீ இருக்கும். “கீழ் வீட்டுப் பொண்ணு போட்டு வச்சிட்டுப் போச்சு” என்பார் வார்டன் அக்கா. தட்டில் பிஸ்கெட் இருக்கும். மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க என்ற விசாரணை நடக்கும். சாப்பிட்டேன் என்றால் விடமாட்டார். என்ன சாப்பிட்டீங்க, எங்க சாப்பிட்டீங்க என்று ஹாஸ்டல் பிள்ளையைக் கேட்கிற மாதிரி குடைவார். பிறகு கதை. சாப்பாடு சரியில்லை என்று உண்ணாவிரதம் இருந்துவிட்டு, போர்வைக்குள் ரொட்டி தின்ற பிள்ளைகளின் கதை. வீட்டு ஞாபகத்தில் அழுகிறவள் சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்று குழாயைத் திறந்துவிட்டு அழுவாள் என்பதால், தண்ணீர் ரொம்ப நேரம் ஓடினால் தானே போய்க் கதவைத் தட்டுகிற கதை. டாக்டரம்மா சிரிப்பார். வாரத்தில் அவர் வாய்விட்டுச் சிரிப்பதும், உட்கார்ந்து டீ குடிப்பதும் அங்கேதான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வண்டியில் சின்ன டாக்டர் கை வைத்தார்.

சின்ன டாக்டர் என்றால் வயதில் சின்னவர்; கிளினிக்கின் நிர்வாகம் அவர் கையில். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் டாக்டரம்மாவுக்கு வசதியாகப் போயிருக்கும். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பார். அவர் ஒரு மத்தியானம் டாக்டரம்மாவை உட்காரவைத்து, பக்குவமாகச் சொன்னார்.

“மேடம், காலையில வர்ற கூட்டம் தெருவரைக்கும் நிக்குது. வீட்டுல கிடக்கறவங்களும் நீங்க ஒரு ஆளா எப்ப வருவீங்கன்னு காத்துக் கிடக்கறாங்க. அதனால வீட்டுக்குப் போறதுக்குன்னே ஒரு நர்ஸ் போட்டிருக்கோம். அதுக்குன்னே படிச்சவங்க. முதல்ல அவங்க போவாங்க. டாக்டர் வேணும்னு அவங்களுக்குத் தோணினா நம்மளக் கூப்பிடுவாங்க. அப்ப நீங்க போனா போதும்.”

டாக்டரம்மா எதிர்த்துப் பேச ஒரு காரணம் தேடினார். கிடைக்கவில்லை. நியாயமான பேச்சைப் போல எரிச்சல் மூட்டுவது வேறு எதுவும் இல்லை. புண்ணுக்குக் கட்டு மாற்ற, ரத்தம் எடுக்க, பிரஷர் பார்க்க டாக்டர் படியேற வேண்டியதில்லை என்பது அவருக்குத் தெரியாதா என்ன? ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தடவை நர்ஸைக் கூட்டிக்கொண்டு போய், அறிமுகம் செய்து, ஒப்படைத்துவிட்டு வர வேண்டும் என்று முடிவானது. சரி என்றார்.

நர்ஸ் முப்பது வயதுக்காரி. ஸ்கூட்டரில் வருவாள். மூளைக்கு எப்போது என்ன ஆகுமோ என்று பயந்தவள் மாதிரி, வீட்டுக்குள் வந்தும் ஹெல்மெட்டைக் கழற்ற மறந்துவிடுவாள். அதனால் போன இடமெல்லாம் அவளுக்கு ‘ஹெல்மெட்’ என்றே பெயர் ஆகிவிட்டது.

முதலில் அச்சக மிஷின்காரர் வீடு. பக்கவாதத்தில் விழுந்து, முதுகில் படுக்கைப்புண்ணோடு கிடப்பவர். இத்தனை காலமும் டாக்டரம்மாதான் அவருக்குத் தெய்வம், குலசாமி, எல்லாம். “இனிமே இவங்கதான் வந்து உங்களப் பாப்பாங்க” என்று டாக்டரம்மா சொன்னார். ஹெல்மெட் அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, பழைய கட்டை நனைத்து, நோகாமல் எடுத்து, புதுக் கட்டுப் போட்டாள். மிஷின்காரர் ஒரு தடவை கூட முனகவில்லை.

“நாளைக்கு எத்தன மணிக்கும்மா வருவே?” என்று அவளைத்தான் கேட்டார். பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்ற டாக்டரம்மாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் மேல் தப்பு இல்லை. முதுகு எரிகிறவனுக்கு எந்தக் கை எரிச்சலைத் தணிக்கிறதோ அதுதான் கை. ஆனாலும் டாக்டரம்மாவுக்கு வலித்தது. நன்றாகவே வலித்தது.

மூச்சிரைப்புக்கார டீச்சர் வீட்டில் அப்படி இல்லை. டீச்சர் அழுதார். “என்னை விட்டுட்டுப் போறீங்களே” என்று கையைப் பிடித்துக்கொண்டார். டாக்டரம்மாவுக்கு அதில் ஒரு அல்ப சந்தோஷம். செருப்பைப் போட்டுக்கொண்டு நாலு படி இறங்கியிருப்பார். உள்ளே டீச்சர், ஸ்கூட்டர் என்ன கலர் என்று கேட்பதும் இரண்டு பேரும் சிரிப்பதும் கேட்டது. மூச்சிரைப்புக்காரர் இவ்வளவு நீளமாகச் சிரிப்பார் என்பதே டாக்டரம்மாவுக்கு அன்றுதான் தெரியும்.

இப்படியே வீடுகள் ஒவ்வொன்றாகக் கைமாறின. மத்தியானம் டாக்டரம்மாவும் நாற்காலிக்கு வந்தார். ஒரே ஒரு வீட்டை மட்டும் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார். அந்த ஒரு வீடு போதும் என்று அவருக்குத் தோன்றியது. மற்றதையெல்லாம் கொடுத்தாயிற்று, புதன்கிழமை ஒரு டீ, ஒரு மணி நேரப் பேச்சு, அது மட்டும் இருந்தால் மிச்ச நாட்களை ஓட்டிவிடலாம். கேட்க வெட்கமாக இருந்தது. ஆனாலும் சின்ன டாக்டரிடம் போய் நின்றார்.

“அந்த வார்டன் கேஸ நானே வச்சுக்கறேன். கொஞ்சம் சிக்கலான கேஸ்.”

“என்ன சிக்கல் மேடம்?”

“பிரஷர் இருக்கு. இடுப்பு ஆபரேஷன். நடக்க முடியல. வயசு வேற.”

சொல்லும்போதே, தன்னிடம் இருக்கும் நோயாளிகளில் பாதிப் பேருக்கு இது பொருந்தும் என்பது டாக்டரம்மாவுக்கு உறைத்தது. சின்ன டாக்டர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கூடப் பரவாயில்லை.

“நர்ஸ் ஒரு தடவை பாக்கட்டும் மேடம். அப்புறம் முடிவு பண்ணலாம். நீங்களும் பாவம், இந்த முட்டிய வச்சுக்கிட்டு எவ்வளவு படி ஏறுவீங்க? புதன்கிழமை மத்தியானம் உங்களுக்கு லீவு போட்டிருக்கேன். வீட்டுல நிம்மதியா ரெஸ்ட் எடுங்க.”

பெரிய உபகாரம் செய்துவிட்ட முகத்தோடுதான் சொன்னார்.

அந்தப் புதன்கிழமை டாக்டரம்மா ஹெல்மெட்டைக் கூட்டிக்கொண்டு மூன்று மாடி ஏறினார். பெல்லை இரண்டு தடவை அடித்தார். கதவைத் தள்ளினார். ஜன்னலோர நாற்காலி, வாக்கர், ஃபிளாஸ்க், பிஸ்கெட் தட்டு எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. டம்ளர் மட்டும் இரண்டு. டாக்டரம்மா மூன்றாவது ஆளாக ஒருத்தியைக் கூட்டி வருவார் என்று வார்டன் அக்கா எதிர்பார்க்கவில்லை.

“யாரு டாக்டரம்மா இது, சண்டைக்குப் போற மாதிரி தலையில கவசத்தோட?”

ஹெல்மெட் நாக்கைக் கடித்துக்கொண்டு கழற்றினாள். டாக்டரம்மா வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியத்தைச் சொன்னார். “இனிமே இவங்கதான்க்கா வருவாங்க. நான் தேவைப்பட்டா மட்டும் வருவேன்.”

வார்டன் அக்கா டாக்டரம்மாவின் முகத்தையே பார்த்தார். அந்த நேரம் பார்த்து நர்ஸின் போன் அடித்தது. மறுமுனையில் அழாத குறையாக ஒரு பெண் குரல், அறைக்கே கேட்டது.

“கட்டு நனைஞ்சு போச்சா? ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. இங்க இப்பத்தான் வந்திருக்கேன். புது வீடு, எல்லாம் பாக்கணும். ஒரு மணி நேரம் ஆகிடும். கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லுங்க” என்றாள் ஹெல்மெட்.

“யாரும்மா?” என்றார் வார்டன் அக்கா.

“பக்கவாதம் வந்தவர் ஒருத்தர். முதுகுல புண்ணு. மருமகள் மட்டும்தான் வீட்டுல இருக்காங்க. தனியாப் புரட்ட முடியல.”

“இங்க முடிச்சிட்டுத்தான் அங்க போவியா?”

“ஆமாங்க. உங்களப் பாக்க வேணாமா?”

வார்டன் அக்கா ஒரு பெருமூச்சு விட்டார். வாக்கரை ஒரு கையால் ஓரமாகத் தள்ளினார். நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்தார். எழுந்தவர், எதையும் பிடிக்காமல், நேராகச் சமையலறைக்கு நடந்து போய், மூன்றாவது டம்ளரைக் கழுவி எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். இடுப்பில் லேசான சாய்வு இருந்தது. அதைத் தவிர வேறு ஒன்றும் இல்லை.

“டீ குடிச்சிட்டுக் கிளம்பும்மா. எனக்கு உன்ன மாதிரி ஆளு வீட்டுக்கு வரத் தேவையில்ல. அந்த மனுஷனப் போய்ப் பாரு.”

ஹெல்மெட்டுக்கு விவரம் தெரியாது. அவளுக்குச் சந்தோஷம்தான். கதவு வரைக்கும் நடந்து திரும்பி வரச் சொன்னாள். படி இறங்க முடியுமா என்று கேட்டாள். தினமும் காய்கறி வாங்கப் போவதாக வார்டன் அக்கா சொன்னார். “சூப்பரா நடக்கறீங்க. இனிமே கிளினிக்குக்கே வரலாம்” என்று சொல்லி, டீயை இரண்டே மடக்கில் குடித்துவிட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

டாக்டரம்மா நின்ற இடத்திலேயே நின்றார். ஓரமாகக் கிடந்த வாக்கரைப் பார்த்தார்.

“எப்ப இருந்து?”

“ஆபரேஷன் ஆகி ஒரு வருஷத்துல சரியாப் போச்சு.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா நீங்க வர மாட்டீங்களே.”

“தனியா இருக்கோம்னு தோணுச்சுன்னா வாயத் திறந்து சொல்லியிருக்கலாமே அக்கா. அதுக்கு இப்படி ஒரு நாடகமா?”

வார்டன் அக்கா நாற்காலியில் உட்கார்ந்தார். இந்தத் தடவை சாதாரணமாக, கம்பீரம் எதுவும் இல்லாமல் உட்கார்ந்தார்.

“எனக்கு ஆளு இருக்கு டாக்டரம்மா. கீழ் வீட்டுப் பொண்ணு பிள்ளைய என்கிட்டதான் விட்டுட்டு வேலைக்குப் போகுது. ஹாஸ்டல்ல இருந்த பிள்ளைங்க, இப்ப அதுங்களே பாட்டி ஆகப் போகுதுங்க, வாரத்துல ஒண்ணாவது வந்து உயிர எடுக்கும். புதன்கிழமை மட்டும் யாரும் வரக் கூடாதுன்னு சொல்லி வச்சிருந்தேன்.”

டாக்டரம்மாவுக்குப் புரிந்தது. புரிய வேண்டாம் என்று இருந்தது.

“முதல் தடவை வந்தீங்க பாருங்க, அன்னிக்கு எல்லாம் பாத்து முடிச்சு ஸ்டெதாஸ்கோப்பப் பைக்குள்ள வச்சீங்க. எழுந்திருக்கல. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி வெளிய எடுத்து, கேட்ட நெஞ்சையே இன்னொரு தடவை கேட்டீங்க. வீட்டுக்குப் போக மனசில்லாத பிள்ளைங்கள நான் நிறையப் பாத்திருக்கேன். உங்களுக்கு ஒரு வீடு வேணும், அதுக்கு ஒரு நோயாளி வேணும். சரி, நம்ம காலு அதுக்காவது உதவட்டும்னு இருந்துட்டேன்.”

“என்னை முட்டாளாக்கியிருக்கீங்க.”

“முட்டாளாக்கல. கூட உக்காந்திருந்தேன்.”

“அந்த நேரத்துல நான் வேற யாரையாவது பாத்திருப்பேன்.”

“அது தப்புதான். அந்தப் பிள்ளை போன்ல பேசினதும்தான் உறைச்சுது. உங்களுக்கு முன்னாடி உக்காந்திருந்தேன். அவளுக்கு முன்னாடி உக்காந்திருக்க முடியல.”

டாக்டரம்மாவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. கோபம் என்று அவர் நினைத்தார். பாதிக்கு மேல் வெட்கம். நோயாளியைப் பார்க்கப் போகிறோம் என்று இத்தனை காலம் முட்டி நோக ஏறியது எல்லாம், ஒரு நோயாளி தன்னைப் பார்ப்பதற்காகவா? டீயைத் தொடாமல் பையை எடுத்தார்.

“என்மேல யாரும் பாவம் பாக்க வேணாம். மாத்திரை வேணும்னா கிளினிக்குக்கு வாங்க. எல்லாரையும் மாதிரி டோக்கன் எடுத்து உக்காருங்க.”

இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் ஒன்று ஞாபகம் வந்தது. வாக்கரின் மேல் எப்போதும் ஒரு ஈரத் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. அதன் ரப்பர் காலடிகள் வாங்கிய நாளில் இருந்ததைப் போலவே தேயாமல் இருந்தன. ஒரு தடவை அந்தப் பக்கம் வந்தபோது வழக்கமில்லாத ஒரு நாளில் ஏறிப் பார்த்தார். கதவில் வெளிப்பக்கம் பூட்டுத் தொங்கியது. அடுத்த புதன்கிழமை கேட்டதற்கு, “உள்ள தூங்கிட்டிருந்தேன், கீழ் வீட்டுப் பொண்ணு பாதுகாப்புக்குப் பூட்டிட்டுப் போச்சு” என்றார் வார்டன் அக்கா. அதையும் நம்பினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர் வார்டன் அக்கா என்றால், அந்தச் சோற்றை மறுபேச்சில்லாமல் தின்றவர் டாக்டரம்மா. கால் எப்படி இருக்கு என்று கேட்ட டாக்டர் ஒரு நாளாவது, எங்கே எழுந்து நடங்க பார்ப்போம் என்று சொல்லியிருக்க வேண்டாமா? வேறு எந்த வீட்டிலும் சொல்லாமல் இருந்ததில்லை. இந்த வீட்டில் சொல்லப் பயந்திருக்கிறார். நடந்துவிட்டால் என்ன செய்வது?

அடுத்த புதன்கிழமை லீவு. சின்ன டாக்டர் சொன்னபடி ரெஸ்ட்.

மத்தியானத்தில் தன் வீடு எப்படி இருக்கும் என்று டாக்டரம்மாவுக்குத் தெரியாது. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்தார். கழுவ இன்னொரு தட்டு இல்லை. அலமாரியை ஒழுங்குபடுத்த உட்கார்ந்தார். அது கலையவே இல்லை, கலைக்க ஆள் இருந்தால்தானே. தம்பிக்குப் போன் செய்தார். “என்னக்கா, ஏதாவது பிரச்சனையா?” என்று பதறினான். ஒன்றும் இல்லை, சும்மாதான் என்றார். சும்மா போன் செய்து பழக்கமில்லாததால் இரண்டு பேருக்கும் அடுத்த வார்த்தை வரவில்லை. வைத்துவிட்டார்.

சோபாவில் படுத்தார். வெயில் ஜன்னலிலிருந்து தரைக்கு இறங்கி, மேஜைக்கடியில் போய்க்கொண்டிருந்தது. வெளியே மாடிப்படியில் யாரோ ஏறி வருகிற சத்தம் கேட்டது. மெதுவாக, ஒரு கால் கொஞ்சம் அழுத்தி. சத்தம் இந்த மாடியில் நின்றது. எதிர் வீட்டுக்கு யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்தார். வெகு நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அதே கால்கள் திரும்ப இறங்கிப் போயின. வந்தவருக்கு எதிர் வீட்டில் ஆள் இல்லை போலிருக்கிறது, பாவம் என்று நினைத்துக்கொண்டு புரண்டு படுத்தார்.

அன்றைக்கு அழுதார். ஏன் மறைக்க வேண்டும்? நன்றாக அழுதார். அழ ஆரம்பித்ததும் எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டார். திறந்த பிறகுதான், இந்த வீட்டில் யார் காதுக்குப் பயந்து திறந்தோம் என்று தோன்றியது. குழாயை மூடினார்.

இரண்டு நாள் கழித்துக் கிளினிக்கில், பெயரைக் கூப்பிட்டதும் வார்டன் அக்கா கையில் டோக்கனோடு உள்ளே வந்தார். எல்லாரையும் மாதிரி ஸ்டூலில் உட்கார்ந்து கையை நீட்டினார். டாக்டரம்மா பிரஷர் பார்த்தார். நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார். மாத்திரை எழுதினார். கதவுக்கு வெளியே கூட்டம் இருமிக்கொண்டும் பிள்ளைகளை அதட்டிக்கொண்டும் இருந்தது. வாரா வாரம் ஒரு மணி நேரம் பேசியவர்களுக்கு, இந்த அறையில் ஐந்து நிமிஷத்தை நிரப்பத் தெரியவில்லை.

“முடிஞ்சுதா டாக்டரம்மா?”

“முடிஞ்சுது.”

வார்டன் அக்கா எழுந்து கதவு வரைக்கும் போனார். கைப்பிடியில் கை வைத்தபடி நின்றார்.

“புதன்கிழமை உங்களுக்கு லீவுன்னு இங்க சொன்னாங்க. விலாசம் கேட்டு உங்க வீட்டுக்கு வந்தேன். நீங்க வழக்கமா அடிக்கிற மாதிரி ரெண்டு தடவை பெல் அடிச்சேன். கதவு திறக்கல. வெளிய போயிருந்தீங்களா, இல்ல என்மேல கோபமான்னு தெரியல. கோபமா இருந்தா சொல்லிடுங்க, நான் வந்து தொந்தரவு பண்ண மாட்டேன்.”

“நான் உள்ளதான்க்கா இருந்தேன். பெல் சத்தம் கேக்கலையே.”

“நல்லா அழுத்தித்தானே அடிச்சேன். உங்க பெல் வேலை செய்யுதா?”

டாக்டரம்மா யோசித்தார்.

“எப்ப இருந்து வேலை செய்யல?” என்று கேட்டார் வார்டன் அக்கா.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். கடைசியாக அந்த பெல் எப்போது அடித்தது, யார் அடித்தது என்று பின்னால் பின்னால் போய்ப் பார்த்தார். போன வருஷம் இல்லை. அதற்கு முந்தின வருஷமும் இல்லை.

“தெரியலக்கா” என்றார்.

வார்டன் அக்கா திரும்பி வந்து, டாக்டரம்மாவின் தோளில் கையை வைத்து ஒரு தடவை அழுத்தினார். “அடுத்த புதன்கிழமை கதவத் தட்டறேன். ரெண்டாவது டம்ளர் ஒண்ணு வாங்கி வைங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த நோயாளி உள்ளே வந்து உட்கார்ந்து, தன் வயிற்று வலியைப் பாதி சொன்ன பிறகுதான் டாக்டரம்மா அவரைப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர், சாவியைப் பூட்டில் போடவில்லை. தன் வீட்டுக் கதவுக்கு வெளியே நின்று பெல்லைப் பார்த்தார். எத்தனையோ வீட்டு வாசலில் நின்று அடித்தவருக்கு, இதை அடித்துப் பார்க்க ஒரு நாளும் காரணம் வந்ததில்லை. கை பழக்கத்தில் தானாகவே இரண்டு தடவை, குட்டிக் குட்டியாக அழுத்தியது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

பையைக் கதவோரமாக வைத்துவிட்டு, கடை மூடுவதற்குள் பெல்லுக்குப் பேட்டரி வாங்க, முட்டியைப் பிடித்துக்கொண்டு மறுபடி படியிறங்கினார்.